பயிற்சியாளருக்கும் பயிற்சி வேண்டும்: ஹைதராபாத் ரஹீம் சாஹிபின் வாழ்வு சொல்லும் பாடம்

நம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர் என்ன படித்திருக்கிறார் என்று கேட்கிறோம். மருத்துவரின் பெயர்ப் பலகையில் பட்டத்தைப் பார்த்த பிறகுதான் உள்ளே நுழைகிறோம். ஆனால் மாலை நேரத்தில் இரண்டு மணி நேரம் பிள்ளைகளை ஓடவிட்டு, வளரும் எலும்பையும் மனதையும் கையாளும் விளையாட்டுப் பயிற்சியாளர் எங்கே பயின்றார், அவரை யார் சோதித்துப் பார்த்துச் சான்றளித்தார்கள் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. நன்றாக விளையாடியவராம் என்ற ஒரு வார்த்தை நமக்குப் போதுமானதாக இருக்கிறது.

அது போதாது என்பதை இந்திய விளையாட்டு வரலாற்றில் ஒருவருடைய வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது. அவர் சையத் அப்துல் ரஹீம். கால்பந்து உலகில் ரஹீம் சாஹிப். 2024-ல் வெளிவந்த மைதான் என்ற இந்தித் திரைப்படத்தின் மூலம் இளைய தலைமுறை அவர் பெயரைக் கேள்விப்பட்டது. படம் அவரது வெற்றிகளைச் சொன்னது. அந்த வெற்றிகளுக்கு அடியில் இருந்த ஆசிரியரைப் பற்றியே இக்கட்டுரை அதிகம் பேசுகிறது.

கரும்பலகையிலிருந்து மைதானத்துக்கு

ரஹீம் 1909 ஆகஸ்ட் 17 அன்று ஹைதராபாத்தில் பிறந்தார். நிஜாமின் ஆட்சி நடந்த காலம் அது. 1918-ல் தொடங்கப்பட்ட உஸ்மானியா பல்கலைக்கழகம் உருது மொழியிலேயே உயர்கல்வி தந்து பெயர் பெற்றிருந்தது. ரஹீம் அங்கே பி.ஏ. படித்தார், பல்கலைக்கழகக் கால்பந்து அணியிலும் ஆடினார். நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் நாடறிந்த நட்சத்திரமாக அவர் இருக்கவில்லை.

படிப்பு முடிந்ததும் பள்ளி ஆசிரியரானார். காச்சிகூடா நடுநிலைப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி என ஹைதராபாத்தின் பல பள்ளிகளில் பணியாற்றினார். ஒரே பாடத்தைப் பத்து விதமாகப் புரிந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு அதை எப்படி எடுத்துச் சொல்வது என்பதை அங்கேதான் கற்றார்.

பிறகு அவர் செய்த காரியம் கவனிக்க வேண்டியது. விளையாட்டில் ஆர்வம் இருக்கிறது, ஆடிய அனுபவமும் இருக்கிறது என்று நின்றுவிடவில்லை. உடற்கல்வியில் ஓராண்டு டிப்ளமோ படித்தார். உடல் எப்படி இயங்குகிறது, எந்த வயதில் எவ்வளவு சுமை தாங்கும், பயிற்சியை எந்த வரிசையில் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் தனியாகப் படிக்க வேண்டிய பாடம் என்று அவர் நினைத்தார். அதன் பின்னரே தான் பணியாற்றிய பள்ளிகளில் விளையாட்டுப் பொறுப்பை ஏற்றார்.

1943-ல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளரானார். கண்ணை மூடும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1950-ல் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணிக்குப் பயிற்சியாளரானார். கல்கத்தாவின் பெரிய கிளப்புகளே இந்தியக் கால்பந்தை ஆண்டுகொண்டிருந்த காலம் அது. அந்த நிலையில் தெற்கிலிருந்து வந்த ஒரு போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையைத் தொடர்ந்து 5 முறை வென்றது. 1950-ல் மோகன் பகானைத் தோற்கடித்து டூரண்ட் கோப்பையையும் வென்றது.

பாடத்திட்டம் வைத்திருந்த பயிற்சியாளர்

இந்த வெற்றிகள் வீரர்களை விரட்டி விரட்டி ஓடவிட்டதால் வந்தவை அல்ல. ரஹீம் சாஹிப் பயிற்சியை ஒரு பாடத்திட்டமாக வைத்திருந்தார். அன்றைய இந்திய அணிகள் ஆங்கிலேயர் பாணியில் பந்தை உயரத் தூக்கி நெடுந்தூரம் அடித்து அதன் பின்னால் ஓடின. நம் வீரர்கள் பலர் உருவத்தில் சிறியவர்கள். காற்றில் வரும் பந்துக்குப் போட்டியிட்டால் தோற்பார்கள். ஆகவே பந்து தரையோடு செல்ல வேண்டும், ஒருவர் காலிலிருந்து இன்னொருவர் காலுக்கு வேகமாக மாற வேண்டும் என்று அவர் கற்றுக்கொடுத்தார்.

அதைச் சொல்லிவிட்டு விட்டுவிடவில்லை. பழக்கத்தில் கொண்டுவர வழியும் கண்டுபிடித்தார். பலவீனமான காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்ற விதியோடு போட்டிகள் நடத்தினார். வலது காலால் மட்டும் ஆடிப் பழகிய பையன் வேறு வழியின்றி இடது காலைப் பழக்கினான். இன்னொரு வகைப் போட்டியில் பந்தைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டு எதிரிகளை ஏய்த்து ஓடும் டிரிப்ளிங்குக்கு அனுமதியில்லை. பந்து வந்ததும் பாஸ் கொடுத்தாக வேண்டும். தனக்கு முன்னால் இருப்பவனைப் பார்க்கும் பழக்கம் அதில் தானாக வந்தது.

ஒரு நல்ல ஆசிரியர் கணக்கில் பலவீனமான மாணவனுக்குத் தனியாகக் கணக்குத் தாள் தயாரிப்பார் அல்லவா? அதே வேலைதான் இது. குறையைக் கண்டுபிடிப்பது, அதற்கேற்ற பயிற்சியை உருவாக்குவது, முன்னேற்றம் வந்ததா என்று சோதிப்பது. இன்றைய பயிற்சியாளர் படிப்புகள் சொல்லிக்கொடுக்கும் அடிப்படையும் இந்த மூன்றுதான்.

பிள்ளைகளைத் தேடிச் செல்லும் பழக்கமும் அவரிடம் இருந்தது. செகந்திராபாத் அருகே அம்முகுடாவில் ஏழ்மையில் வளர்ந்த துளசிதாஸ் பலராமின் திறமையைக் கண்டவர், பயிற்சிக்கு வந்து போகச் சைக்கிள் வாடகைக்குக் காசும் கொடுத்து வரவழைத்தார். அந்தப் பலராம் பின்னாளில் இரண்டு ஒலிம்பிக் அணிகளில் இடம்பெற்றார். இந்தியாவின் தலைசிறந்த முன்கள வீரர்களில் ஒருவர் என்று இன்றும் பேசப்படுகிறார்.

தோல்வியைப் பாடமாக்கியவர்

இந்திய அணியின் பயிற்சியாளராக அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வெற்றி 1951-ல் வந்தது. புதுடெல்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது.

அடுத்த ஆண்டே பெரிய அடி விழுந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா இந்தியாவை 10-1 என்று தோற்கடித்தது. நம் வீரர்கள் பலர் பூட்ஸ் இல்லாமல் வெறுங்காலோடு ஆடினார்கள். குளிர்ந்த நாட்டின் மைதானத்தில், பூட்ஸ் அணிந்து ஆடிப் பழகிய எதிரிகளுக்கு முன்னால் வெறுங்கால் ஆட்டத்தின் எல்லை எதுவென்று உலகமே பார்த்தது. அதன் பிறகுதான் இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது.

இப்படி ஒரு தோல்விக்குப் பிறகு வீரர்கள் மீது பழி போட்டுவிட்டு ஒதுங்கியிருக்கலாம். ரஹீம் சாஹிப் மறுபடியும் மாணவரானார். அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது ஹங்கேரி. முன்வரிசையின் நடுவில் நிற்க வேண்டிய வீரரைச் சற்றுப் பின்னால் இழுத்து ஆடவிடுவது அன்றைய ஹங்கேரியின் புதுமை. அவரைப் பிடிக்கப் போனால் தடுப்பு வரிசையில் ஓட்டை விழும். விட்டுவிட்டால் அவர் ஆட்டத்தையே நடத்துவார். ரஹீம் சாஹிப் அந்த முறையை இந்திய வீரர்களுக்கு ஏற்றபடி பழக்கினார். பின்னர் 1958 உலகக் கோப்பையில் பிரேசில் ஆடிப் புகழ்பெற்ற 4-2-4 அமைப்பையும் நம் ஆட்டக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். தொலைக்காட்சி இல்லை, காணொளி இல்லை. நேரில் பார்த்ததையும் படித்ததையும் கொண்டு நடந்த கல்வி இது.

பலன் 4 ஆண்டுகளில் தெரிந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று வென்றது. நெவில் டிசூசா 3 கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் அவர். அரையிறுதியில் வந்தது அதே யூகோஸ்லாவியா. இந்த முறை முதல் கோலை இந்தியா அடித்தது. முடிவில் 4-1 என்று தோற்றாலும், 10 கோல் வாங்கிய அணி இது என்று யாரும் சொல்ல முடியாது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் தோற்று 4-ஆம் இடம் கிடைத்தது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அதற்கு முன்னும் பின்னும் அந்த இடத்தை எட்டியதில்லை.

1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரியிடம் 2-1 என்ற குறைந்த வித்தியாசத்தில்தான் இந்தியா தோற்றது. பிரான்சுடன் 1-1 என்று சமன் செய்தது. பெருவிடம் தோற்றதால் அடுத்த சுற்று வாய்ப்பு போனது. அந்த அணியில் ரஹீம் சாஹிபின் மகன் சையத் ஷாஹித் ஹக்கீமும் இருந்தார். ஆனால் அவருக்கு ஓர் ஆட்டத்திலும் களமிறங்கும் வாய்ப்பு வரவில்லை.

ஜகார்த்தாவின் கடைசிப் பாடம்

1962-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு அணியை அழைத்துச் சென்றபோது ரஹீம் சாஹிபின் உடலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது.

முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை வென்றார்கள். ஆனால் தடுப்பாட்டத்தின் தூணாக இருந்த ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம்பட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. அதன்பின் ஜப்பானை 2-0 என்று வென்று அரையிறுதிக்கு வந்தார்கள்.

தலையில் தையலோடு இருப்பவரைத் தடுப்பு வரிசையில் நிறுத்தினால் உயரமாக வரும் ஒவ்வொரு பந்தையும் தலையால் முட்டியாக வேண்டும். அணியிலிருந்து நீக்கினால் அவரது பலம் போய்விடும். ரஹீம் சாஹிப் அவரை முன்வரிசைக்கு மாற்றினார். அந்த வீரர் இளம் வயதில் முன்வரிசையிலும் ஆடியவர் என்பது பயிற்சியாளருக்குத் தெரிந்திருந்தது. அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று வென்றார்கள்.

செப்டம்பர் 4 அன்று இறுதியாட்டம். எதிரில் மீண்டும் தென்கொரியா. இஸ்ரேல், தைவான் அணிகளுக்கு அனுமதி மறுக்கப்பட்டதை இந்திய நிர்வாகி ஒருவர் வெளிப்படையாகக் கண்டித்திருந்ததால் மைதானத்தில் திரண்டிருந்த பெருங்கூட்டம் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் காய்ச்சலிலிருந்து மீண்டு வந்து வலைக்கு முன்னால் நின்றார். பி.கே. பானர்ஜி ஒரு கோல் அடித்தார். முன்வரிசைக்கு மாற்றப்பட்ட ஜர்னைல் சிங் இரண்டாவது கோலை அடித்தார். இந்தியா 2-1 என்று வென்றது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா பெற்ற கடைசித் தங்கம் அதுதான்.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1963 ஜூன் 11 அன்று ரஹீம் சாஹிப் காலமானார். வயது 53.

அவரோடு போனது எது?

அதன் பிறகு இந்தியக் கால்பந்து ஒரே நாளில் விழுந்துவிடவில்லை. 1964 ஆசியக் கோப்பையில் 2-ஆம் இடம், 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம் என்று சில காலம் நின்றது. பிறகு சரிந்தது. 1960-க்குப் பின் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா ஆடவே இல்லை. 1970-க்குப் பின் ஆசிய விளையாட்டில் ஆண்கள் கால்பந்தில் பதக்கம் இல்லை.

இதற்குக் காரணங்கள் பல உண்டு. மற்ற நாடுகள் வேகமாக வளர்ந்தன. நிர்வாகக் குளறுபடிகள் இருந்தன. ஆனால் நாம் யோசிக்க வேண்டிய ஒரு காரணம் இருக்கிறது. ரஹீம் சாஹிப் தன் அறிவை வீரர்களுக்குக் கொடுத்தார். அதை அடுத்த பயிற்சியாளர்களுக்குப் பாடமாக மாற்றிக் கொடுக்கும் அமைப்பு அன்று நாட்டில் வேரூன்றியிருக்கவில்லை. 1953-ல் ராஜ்குமாரி அம்ரித் கவுர் பெயரில் ஒரு பயிற்சித் திட்டம் வந்தது. பட்டியாலாவின் மோதிபாக் அரண்மனையில் தேசிய விளையாட்டு நிறுவனம் தொடங்கியது 1961-ல்தான்; அவர் மறைவுக்கு 2 ஆண்டுகள் முன்னால். பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சார்யா விருது வந்தது 1985-ல். அவர் மறைந்து 22 ஆண்டுகளுக்குப் பின்னால்.

ஜப்பான் வேறு பாதையில் போனது. ஜெர்மனியின் டெட்மார் கிராமரை அழைத்துவந்து, வீரர்களுக்கு மட்டுமல்லாமல் பயிற்சியாளர்களுக்கும் பயிற்சி கொடுக்க வைத்தது. 1969-ல் ஃபிஃபா நடத்திய பயிற்சியாளர் படிப்பை கிராமர் ஜப்பானில் நடத்தினார். ரஹீம் சாஹிபின் சீடரான பி.கே. பானர்ஜி அங்கே சென்று படித்துத் தேறித் திரும்பினார்; பின்னர் இந்தியாவின் புகழ்பெற்ற பயிற்சியாளர்களில் ஒருவரானார். மகன் ஹக்கீமும் பயிற்சியாளராகவும் சர்வதேச நடுவராகவும் உயர்ந்தார். 1962-ல் நம்மிடம் தோற்ற ஜப்பான் இன்று உலகக் கோப்பையில் தவறாமல் ஆடுகிறது. ஒரு மேதையை நம்பியிருந்தது நாம். ஆயிரம் நல்ல பயிற்சியாளர்களை உருவாக்கியது அவர்கள்.

சான்றிதழ் எதைச் சோதிக்க வேண்டும்?

இன்று நிலைமை மாறியிருக்கிறது. கால்பந்தில் ஆசியக் கூட்டமைப்பின் உரிமங்கள் டி, சி, பி, ஏ, புரோ என்று படிப்படியாக இருக்கின்றன. கீழ்ப்படியைத் தாண்டாமல் மேல்படிக்குப் போக முடியாது. தேசிய விளையாட்டு நிறுவனம் பல விளையாட்டுகளுக்கு டிப்ளமோ படிப்பும், 6 வாரச் சான்றிதழ் படிப்பும் நடத்துகிறது. சென்னை நந்தனத்தில் 1920-ல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

படிப்புகள் இருப்பது நல்லது. அவை எதைச் சோதிக்கின்றன என்பதே அடுத்த கேள்வி. ரஹீம் சாஹிபின் வாழ்க்கையை அளவுகோலாக வைத்தால் சில விஷயங்கள் தெளிவாகும்.

முதலாவது, ஆடத் தெரிவதும் கற்றுக்கொடுக்கத் தெரிவதும் வேறு வேறு. தேர்வில் ஒரு பயிற்சியாளர் தானே பந்தை எவ்வளவு நன்றாக உதைக்கிறார் என்பதைவிட, பந்தை உதைக்கத் தெரியாத பிள்ளைக்கு அதை எப்படிக் கற்றுக்கொடுக்கிறார் என்பதையே பார்க்க வேண்டும்.

இரண்டாவது, எழுத்துத் தேர்வு மட்டும் போதாது. மைதானத்தில் உண்மையான பிள்ளைகளை வைத்துப் பயிற்சி நடத்தச் சொல்லி மதிப்பிட வேண்டும். அதுவும் ஒரே நாளில் முடிந்துவிடாமல், சில மாதங்கள் கழித்து அவரது சொந்த ஊர் மைதானத்துக்கே சென்று பார்க்க வேண்டும். தேர்வுநாள் அன்று எல்லோரும் நன்றாகத்தான் நடத்துவார்கள்.

மூன்றாவது, ஒருமுறை பெற்ற சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லக் கூடாது. 1952-க்குப் பிறகு ரஹீம் சாஹிப் கற்காமல் இருந்திருந்தால் 1956 வந்திருக்காது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை படித்துப் புதுப்பிக்கும் முறை வேண்டும்.

நான்காவது, முதலுதவி, வெயில் தாக்கம், காயமடைந்த பிள்ளையை ஆடவிடாமல் நிறுத்தும் முடிவு, பிள்ளைகளின் பாதுகாப்பு, கண்ணியமான நடத்தை ஆகியவை தேர்வின் ஓரத்தில் இல்லாமல் நடுவில் இருக்க வேண்டும். இதில் தேறாதவர் மற்ற எல்லாவற்றிலும் முதல் மதிப்பெண் பெற்றாலும் பிள்ளைகளிடம் அனுப்பக் கூடாது.

ஐந்தாவது, மொழியும் கட்டணமும் திறமையானவரைத் தடுத்துவிடக் கூடாது. உருதுவில் படித்து ஆசிரியரான ஒருவர்தான் இந்தியாவை ஒலிம்பிக் அரையிறுதிக்கு அழைத்துச் சென்றார். காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ வாணியம்பாடியிலோ பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் இளைஞர் தமிழில் படித்து, தமிழில் தேர்வு எழுதித் தேற வழி இருக்க வேண்டும்.

குடும்பங்கள் செய்யக்கூடியது

அரசும் சங்கங்களும் செய்ய வேண்டியதை அவர்கள் செய்யட்டும். நம் வீட்டு வாசலில் தொடங்குவதும் இருக்கிறது. பிள்ளையைப் பயிற்சியில் சேர்க்கும்போது சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. எந்த நிறுவனம் தந்தது, எந்தப் படிநிலை, எந்த ஆண்டு என்று பாருங்கள். ஒரு நாள் மைதான ஓரத்தில் நின்று பயிற்சியைக் கவனியுங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் பந்து கிடைக்கிறதா, பின்தங்கிய பிள்ளையைத் திட்டுகிறாரா திருத்துகிறாரா, தண்ணீருக்கும் ஓய்வுக்கும் நேரம் இருக்கிறதா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பெண் பிள்ளைகளின் பெற்றோர் தகுதி பெற்ற பெண் பயிற்சியாளர் வேண்டும் என்று கேட்டால்தான் அப்படிப்பட்டவர்கள் உருவாவார்கள்.

நம் ஜமாஅத்துகளும் கல்வி அறக்கட்டளைகளும் உதவித்தொகை வழங்கும்போது பொறியியல், மருத்துவம் என்ற பட்டியலோடு உடற்கல்விப் படிப்பையும் பயிற்சியாளர் உரிமத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். விளையாட்டில் ஆர்வமுள்ள எத்தனையோ இளைஞர்கள் 20 வயதைத் தாண்டியதும், இனி ஆட்டக்காரராக முடியாது என்று அதைக் கைவிடுகிறார்கள். அவர்களில் நல்ல ஆசிரியர்கள் இருக்கக் கூடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு படிப்பும் நேர்மையான ஒரு தேர்வும் போதும்.

ரஹீம் சாஹிப் பெரிய வீரராக இருந்து பயிற்சியாளர் ஆனவர் அல்ல. ஆசிரியராக இருந்து, அதற்கென்று படித்து, தோற்ற பிறகும் படித்து, சாகும் வரை சொல்லிக்கொடுத்தவர். அவரைப் போன்ற ஒருவர் மறுபடியும் தற்செயலாகப் பிறக்கட்டும் என்று காத்திருந்தே 60 ஆண்டுகள் போய்விட்டன. நம் ஊர் மைதானத்தில் நிற்பவரை அந்த வழியில் உருவாக்குவது நம்மால் முடிகிற காரியம்.